பொதிகை ஏற்றம்: முன்னே 48 நாள், பின்னே 21 நாள்!

மார்கழி பிறந்துவிட்டால் என் வைத்தியசாலைக்கு நோயே இல்லாத ஒரு கூட்டம் வரத் தொடங்கும். ‘அகத்தியர் மலைக்குப் போறோம் டாக்டர். உடம்பு நல்லாருக்குன்னு ஒரு சர்டிபிகேட் கேக்காங்க. போட்டுத் தந்துருங்க’ என்பார்கள். பாத்திரக்கடை அண்ணாச்சி, ரிட்டயர் ஆகப்போகிற வாத்தியார், வங்கியில் வேலை பார்க்கிறவர், அவருடைய மனைவி... எல்லோருக்கும் வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். ‘கடைசியா எப்போ நிக்காம அஞ்சு கிலோமீட்டர் நடந்தீங்க?’ என்று கேட்டால் சிரிப்புத்தான் பதில். ‘அதெல்லாம் அகத்தியர் ஏத்தி விட்டுருவார் டாக்டர்!’

ஏற்றி விடுவார், சந்தேகமில்லை. இறக்கி விடுவது யார்? அதுதான் என் கேள்வி.

சர்டிபிகேட் என்பது ஒரு காகிதம். முழங்காலுக்குப் படிக்கத் தெரியாது. மூன்று நாள் மலையில் நடந்து, இரண்டு ராத்திரி காட்டில் தங்கி வருகிற பயணத்தில் நம் ஊர்க்காரர்கள் பயப்படுவதெல்லாம் யானைக்கும் பாம்புக்கும்தான். ஆனால் திரும்பி வந்து என்னிடம் படுக்கிறவர்களைப் பார்த்தால் கதை வேறு. இறக்கத்தில் போன முழங்கால், ஈரத்தோடு சேர்ந்த குளிர், வீட்டுக்கு வந்து பத்து நாள் கழித்து அடிக்கிற காய்ச்சல்... இவைதான் ஆளைச் சாய்க்கின்றன. அந்தக் கடைசிக் காய்ச்சலைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. உயிருக்கு உலை வைப்பது அதுதான்!

முதலில் மலையைத் தெரிந்துகொள்வோம்

தென்காசி, குற்றாலத்துக்காரர்களுக்குப் பொதிகை என்றால் சாரலும் தென்றலும். மொட்டை மாடியில் நின்று பார்த்து, ‘இந்தா இருக்கு’ என்று கை நீட்டுகிற மலைத்தொடர். அதன் தெற்கே நிற்கிற அகத்தியர் மலையின் உச்சி 1,868 மீட்டர், அதாவது 6,100 அடிக்கு மேல். பாபநாசம், காரையாறு, பாணதீர்த்தம் என்று நம் பக்கமிருந்து பெரியவர்கள் போய்வந்த பழைய பாதை இன்று பொதுஜனங்களுக்கு இல்லை. அது களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் உள்வனம். இப்போது போகிறவர்கள் கேரளா வழியாகத்தான் போகிறார்கள். செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை, பாலோடு, விதுரை தாண்டி போணக்காடு. ஒரு பழைய தேயிலைத் தோட்டம். நடை அங்கே ஆரம்பம்.

இரண்டு பருவமழையும் நனைக்கிற மலை என்பதால் நடுவில் கிடைக்கிற காய்ந்த நாட்களில், ஜனவரி பாதியில் தொடங்கிச் சில வாரங்களுக்கு மட்டும், கேரள வனத்துறை அளவாக ஆட்களை அனுமதிக்கிறது. 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு, 2019 ஜனவரியிலிருந்து பெண்களும் போய் வருகிறார்கள். விதிமுறைகளை ஒவ்வொரு வருஷமும் அறிவிப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். தெரிந்தவர் சொன்னார் என்று திருட்டுத்தனமாக எந்தக் காட்டுக்குள்ளும் நுழைய வேண்டாம். 2018 மார்ச் 11-ம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை மறந்துவிடக் கூடாது. அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகளே வந்தன.

போணக்காட்டிலிருந்து அதிருமலை முகாம் சுமார் 15 கிலோமீட்டர். முதல் நாள் அங்கே தங்கல். மறுநாள் உச்சி, அது சுமார் 6 கிலோமீட்டர். மறுபடி முகாமுக்கு இறக்கம். மூன்றாம் நாள் வந்த வழியே திரும்பல். கரமனையாறு, வாழைப்பைந்தியாறு, அட்டையாறு என்று ஓடைகள், பிறகு நிழலே இல்லாத புல்மேடு, அதற்கு மேல் முட்டிடிச்சான் தேரி. பேரைக் கவனித்தீர்களா? ஏறும்போது முழங்கால் முட்டு நம்மையே இடிக்கிற அளவுக்குச் செங்குத்து! பேர் வைத்தவருக்கு உடற்கூறு தெரிந்திருக்கிறது. உச்சிக்குப் பக்கத்தில் பாறையில் கயிற்றைப் பிடித்து ஏற வேண்டும்.

இதில் எங்கேயும் நடுவில் ஜீப் வராது. அதிருமலையில் நெஞ்சு வலித்தால் 15 கிலோமீட்டர் தூக்கித்தான் கொண்டு வரணும். சர்டிபிகேட் கேட்டு வருகிறவர்களிடம் முதலில் சொல்வது இதைத்தான்.

இன்னொன்று. ‘மேலே ஆக்சிஜன் கம்மி டாக்டர், அதான் மூச்சு வாங்குது’ என்று ஒரு சமாதானம் உண்டு. இந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதைப் போல ஐந்தில் நான்கு பங்கு. உயரத்தினால் வருகிற நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேலேதான். இமயமலைக்காரர்கள் கவலைப்பட வேண்டிய சங்கதி அது. பொதிகையில் மூச்சு முட்டினால் குற்றம் காற்றில் இல்லை. பழக்கமில்லாத காலிலும் நெஞ்சிலும்தான். நெஞ்சில் கனம், இடது தோளுக்கோ தாடைக்கோ பரவுகிற வலி, குளிர்ந்த வியர்வை... இப்படி ஏதாவது வந்தால் ‘வாய்வு’ என்று பெருங்காயம் தேடாதீர்கள். உட்காருங்கள், வழிகாட்டியிடம் உடனே சொல்லுங்கள். அன்றைக்கு ஏற்றம் அவ்வளவுதான்.

ஒரு மண்டலம் காலுக்கு

சபரிமலைக்குப் போகிறவர்கள் 41 நாள் விரதம் இருக்கிறார்கள். பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும். விடியலில் குளியல், அளவான சாப்பாடு, குடி இல்லை, புகை இல்லை, வெறுங்கால் நடை... எருமேலி, அழுதை, கரிமலை என்று பெருவழியில் நடக்கப் போகிற உடம்புக்கு இதைவிட நல்ல தயாரிப்பு எது? மாலை போட்டதுமே மலைக்கான பயிற்சி ஆரம்பமாகிவிடுகிறது. சித்த மருத்துவத்திலும் ஒரு மண்டலம், 48 நாள் என்பது நமக்குப் பழகிய கணக்கு. தசைக்கும் மூச்சுக்கும் புதுப் பழக்கம் படிய ஆறேழு வாரம் ஆகும் என்றுதான் இன்றைய உடற்பயிற்சி நூல்களும் சொல்கின்றன.

அதனால் ஒரு மண்டலம் காலுக்குக் கொடுங்கள். முதல் 12 நாள் சமதளத்தில் நடை போதும். அரை மணியில் தொடங்கி ஒரு மணி நேரம் வரை. தென்காசியிலிருந்து குற்றாலம் 5 கிலோமீட்டர்தானே? விடிகாலையில் ஒரு நாள் போய், பஸ்ஸில் வாருங்கள். நாலைந்து நாள் கழித்துப் போகவும் வரவும் நடையாக வைத்துக்கொள்ளுங்கள். மலையில் போடப்போகிற அதே ஷூவைப் போட்டு நடக்க வேண்டும். இது முக்கியம். புது ஷூவோடு மலைக்குப் போவது, புது மாப்பிள்ளையைச் சமையலுக்கு விடுவது மாதிரி. இரண்டு பேருக்கும் கஷ்டம்! விரல் நுனிக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் விட்டு வாங்குங்கள். இறக்கத்தில் பாதம் முன்னே சறுக்கும். இடமில்லாவிட்டால் நகம் கறுத்து விழுந்துவிடும்.

அடுத்த 16 நாளும் படிக்கட்டு. நமக்கென்று பண்பொழி திருமலைக்கோயில் இருக்கிறதே! அறுநூற்றுச் சொச்சம் படி. மேலே வரைக்கும் கார் ரோடு வந்ததிலிருந்து படியில் கூட்டம் குறைந்துவிட்டது. உங்களுக்கு அது வசதி. ஒருநாள் விட்டு ஒருநாள் போங்கள். முதலில் ஒரு தடவை, பிறகு இரண்டு, முடிந்தால் மூன்று. பேசிக்கொண்டே ஏறுங்கள். முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் வேகம் சரி. இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினால் வேகம் அதிகம், குறையுங்கள். பாதி தூரத்தில் தலை சுற்றினாலோ, நெஞ்சு அடைத்தாலோ மேலே சொன்னேனே, அதே கதைதான். முருகனைக் கீழேயிருந்து கும்பிட்டுவிட்டு இருதய மருத்துவரைப் பார்க்கப் போங்கள்.

இங்கே ஒரு ரகசியம். ஏற்றம் மூச்சுக்குச் சோதனை, இறக்கம் தசைக்குச் சோதனை. இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே நம் எடையைத் தாங்கிப் பிடிக்கிறது. பழக்கமில்லாத தசையில் அப்போது நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன. உடனே வலி தெரியாது. ஒன்று அல்லது இரண்டு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். அதாவது, உச்சிக்குப் போய்வந்த மறுநாள், 15 கிலோமீட்டர் திரும்பி நடக்க வேண்டிய அதே நாளில்! படி இறங்கிப் பழகிய தசை இப்படி எளிதில் கிழியாது. ஆகவே திருமலையில் கார் பிடித்து இறங்குகிற வேலை வேண்டாம்.

அதற்கடுத்த 14 நாள் முதுகில் பையோடு. முதலில் 3 கிலோ, பிறகு 5, கடைசியில் 7. தண்ணீர் பாட்டில்களை நிரப்பிக்கொண்டால் எடைக்கு எடை ஆச்சு. மூட்டு தேய்ந்தவர்கள் மேலே போனதும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு வெறும் பையோடு இறங்கலாம். கடைசி 6 நாள் லேசான நடை, நல்ல தூக்கம். 48 ஆயிற்றா?

உடம்பு எடையில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மூட்டில் இறங்குகிற பாரம் சுமார் 4 கிலோ குறைகிறது என்று ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள். மண்டலத்தில் 2 கிலோ குறைத்துப் பாருங்கள், பலன் படியிலேயே தெரியும். பையை 7, 8 கிலோவுக்கு மேல் ஏற்றாதீர்கள். கையில் ஒரு கம்பு அவசியம். இறக்கத்தில் முழங்காலுக்கு அது மூன்றாவது கால்.

காணிக்காரர் வாயில் போட்ட காய்

அகத்தியர் மலை என்றதும் கேட்கிற அடுத்த கேள்வி: ‘களைப்பே தெரியாம இருக்க அங்க ஒரு மூலிகை இருக்காமே டாக்டர்?’

இருக்கிறது. அது நிஜக் கதைதான். 1987 டிசம்பரில், டாக்டர் புஷ்பாங்கதன் தலைமையில் விஞ்ஞானிகள் சிலர் இந்த மலையில் காணிக்காரர்களை வழிகாட்டிகளாகக் கொண்டு ஆராயப் போனார்கள். ஏறி ஏறி இவர்கள் துவண்டு போக, காணிகள் மட்டும் ஏதோ சின்னக் காயை அவ்வப்போது வாயில் போட்டுக்கொண்டு தெம்பாக நடந்தார்கள். என்ன என்று கேட்டால் முதலில் சொல்லவில்லை. அது அவர்களுடைய குலச் சொத்து. பிறகு காட்டிக்கொடுத்த செடிதான் ஆரோக்கியப்பச்சை. ட்ரைகோபஸ் சைலானிகஸ் என்பது தாவரவியல் பெயர். பாலோட்டில் இருக்கிற தாவரவியல் பூங்கா நிறுவனம் அதை ஆராய்ந்து, வேறு மூலிகைகளும் சேர்த்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது. 1995-ல் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மஸிக்குத் தயாரிக்கும் உரிமையைக் கொடுத்தது. அதற்கு வந்த 10 லட்ச ரூபாயிலும், விற்பனையில் வருகிற பங்கிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவு. 1997-ல் அவர்களுக்காக ஒரு அறக்கட்டளையும் அமைந்தது. காட்டு ஜனங்களின் அறிவுக்குக் கூலி கொடுத்த ஆரம்பகால உதாரணங்களில் ஒன்றாக உலகம் முழுக்க இதைப் பேசுகிறார்கள்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். காணிக்காரர் களைக்காமல் நடந்ததற்கு அந்தக் காய் எவ்வளவு காரணமோ, பிறந்ததிலிருந்து அந்த மலையில் நடந்த கால் அதைவிடக் காரணம். அவர்கள் நடப்பதைப் பாருங்கள். சின்னச் சின்ன அடி, ஒரே சீரான வேகம், ஓட்டமும் இல்லை, நீண்ட ஓய்வும் இல்லை. நம்மவர்கள் முதல் ஒரு மணி நேரம் பாய்வார்கள், பிறகு பாறைக்குப் பாறை படுப்பார்கள்.

செடியைத் தேடிப் பறிக்கிற வேலை வேண்டவே வேண்டாம். சட்டப்படி குற்றம் என்பது ஒன்று. உயிருக்கு ஆபத்து என்பது இன்னொன்று. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் நாங்கள் படித்த காலத்தில், குற்றால மலையடிவாரத்தில் செடி அறியும் பாடம் நடக்கும். எங்கள் பேராசிரியர் முதலில் காட்டியது மருந்துச் செடியை அல்ல, செங்காந்தளை! நம் மாநில மலர். அத்தனை அழகான பூவுக்குக் கீழே கலப்பைக் கிழங்கு, சுத்தி செய்யாமல் தின்றால் ஆளைக் கொல்கிற விஷம். பார்வைக்கு வள்ளிக்கிழங்கு மாதிரிதான் இருக்கும். அதனால், பேர் தெரியாத இலையோ காயோ கிழங்கோ காளானோ காட்டில் வாயில் வைக்காதீர்கள். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்.

பையில் என்ன, வயிற்றில் என்ன?

மலையில் மூன்று வேளைச் சாப்பாட்டுக் கணக்கு உதவாது. மணிக்கு ஒருதரம் கொஞ்சம் கொஞ்சமாக வயிற்றுக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு நம் பாட்டிமார் கண்டுபிடித்த பண்டம் பொருவிளங்காய் உருண்டை. வறுத்த பயறு, அரிசி, கடலை, கருப்பட்டிப் பாகு, மணக்க மணக்கச் சுக்கும் ஏலமும்... கல்லு மாதிரி இருக்கும், ஒரு வாரத்துக்குக் கெடாது. அந்தக் காலத்தில் நெல்லைச் சீமையில் யாத்திரை போகிறவர்கள் மூட்டையில் இது இல்லாமல் இருக்காது. பல் பலவீனமானவர்கள் அவலும் வெல்லமும் வைத்துக்கொள்ளலாம். முதல் நாள் மதியத்துக்குப் புளியோதரை. முகாமில் கஞ்சியும் பயறும் கிடைத்தால் விடாதீர்கள். உப்பு, நீர், மாவுச்சத்து, புரதம் நாலும் ஒரே தட்டில்!

வியர்வையில் தண்ணீரோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்து, தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். அதை ‘தண்ணி பத்தல’ என்று நினைத்து இன்னும் குடிப்பார்கள். புல்மேட்டு வெயிலில் இது நடக்கும். மணிக்கு அரை லிட்டர் போல, தாகத்துக்குத் தக்கபடி குடியுங்கள். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் அரை டீஸ்பூன் உப்பு, 6 டீஸ்பூன் சர்க்கரை, ஒரு எலுமிச்சம்பழம். ரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைக்கிறவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு அளவு வைத்துக்கொள்ளுங்கள்.

‘குற்றாலத் தண்ணி மூலிகைத் தண்ணி, கொதிக்க வச்சா சத்துப் போயிரும்’ என்பது நம் ஊர் வேதம். குளிக்க அருமையான தண்ணீர், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே ஓடையில் மேலே யானை நிற்கிறது, எலி ஓடுகிறது. எலியின் சிறுநீரில் வருகிற கிருமி தண்ணீரில் கலந்து, கால் புண் வழியாக உள்ளே போனால் எலிக்காய்ச்சல். மூலிகை மணத்தைப் பார்த்து அது ஒதுங்கிப் போகாது. ஓடை நீரை ஒரு நிமிஷமாவது தளதளவென்று கொதிக்க வையுங்கள். நெருப்பு மூட்ட அனுமதி இல்லாத இடத்தில் குளோரின் மாத்திரை.

அருவி, ஓடை பற்றி இன்னும் ஒரு வார்த்தை. 2024 மே 17-ம் தேதி பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து, குளித்துக்கொண்டிருந்த 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. கீழே நிற்கிறவனுக்கு மேலே பெய்கிற மழை தெரியாது. தண்ணீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ அடுத்த நொடி கரையில் இருக்க வேண்டும். ஓடைப் படுகையில் படுக்கை விரிப்பது தற்கொலைக்குச் சமம்.

மருந்துப் பெட்டி சின்னதாக இருக்கட்டும். வயிற்றுப்போக்குக்குத் தயிர்ச்சுண்டிச் சூரணமும் உப்பு-சர்க்கரைப் பாக்கெட்டும். வெளிக்காயத்துக்கு மத்தன் தைலம் (பூச மட்டும், உள்ளே போனால் விஷம்). சுக்குப் பொடி. சுத்தமான துணிக்கட்டு. தினமும் சாப்பிடுகிற மாத்திரைகள் ஒரு நாளைக்கு அதிகமாகவே. சர்க்கரை நோயாளிகளே, நாள் முழுக்க நடக்கும்போது ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கும். மாத்திரை, இன்சுலின் அளவை முன்கூட்டியே உங்கள் டாக்டரிடம் பேசிவிடுங்கள். சட்டைப் பையில் வெல்லம் இருக்கட்டும். ராத்திரி படுக்கும் முன் இரண்டு பாதத்தையும் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். கொப்புளம் உங்களுக்கு வலிக்காது, அதுதான் ஆபத்து.

இடுப்பு வலிக்கு என்று கண்ட மாத்திரை கொண்டு போகிறார்களே, டைக்ளோஃபெனாக் மாதிரியானவை, அவற்றை நீர் வற்றிய உடம்போடு விழுங்கினால் சிறுநீரகம் பாதிக்கப்படும். சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் வலியைத் தாங்கிக்கொண்டு இருக்காதீர்கள். தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று அர்த்தம். நேரே ஆஸ்பத்திரி.

ராத்திரித் தங்கல்

பொதிகைக் குளிர் பனிக்குளிர் அல்ல. அதனாலேயே நம்மவர்கள் அசட்டையாக இருப்பார்கள். ஈரமும் காற்றும் சேர்ந்தால், பனியே இல்லாமல் உடம்புச் சூடு இறங்கிவிடும். வியர்வையில் ஊறின பருத்திச் சட்டையோடு உச்சிக் காற்றில் நின்று போட்டோ எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கதி கலங்கும். பருத்தி நம் ஊர் வெயிலுக்குத் தெய்வம். மலை ஈரத்துக்கு ஆகாது, காயவே காயாது. நடக்கும்போது சீக்கிரம் உலரும் மெல்லிய செயற்கைத் துணி. முகாமுக்கு வந்ததும் ஈரத்தை அவிழ்த்துவிட்டு, பிளாஸ்டிக் அல்லாத உறையில் பத்திரமாக வைத்த உலர்ந்த உடுப்பு, கம்பளிச் சட்டை, குரங்குக் குல்லா. கிண்டல் செய்கிறவர்கள் செய்யட்டும்.

கூட வந்தவர் வார்த்தை குழறினால், பித்தான் போட முடியாமல் விரல் தடுமாறினால், நடை தள்ளாடினால் உடம்பு குளிர்ந்துகொண்டிருக்கிறது. நடுக்கம் நின்றுபோனால் குணமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், முற்றிவிட்டது. ஈரத்தைக் களைந்து, உலர்ந்த கம்பளியில் சுருட்டி, விழுங்க முடிந்தால் சூடான கருப்பட்டிச் சுக்குக் காப்பி கொடுங்கள். சாராயம் சூடு தரும் என்பது பொய். அது தோலுக்கு ரத்தத்தை இழுத்து, உள்ளே இருக்கிற சூட்டையும் வெளியே விட்டுவிடும்.

அட்டைக்கு இவ்வளவு பயம் தேவையில்லை. அட்டைவிடல் சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் ஒன்று. வலுக்கட்டாயமாகப் பிய்க்காமல், வாய்ப்பக்கம் நகத்தை நுழைத்துத் தள்ளிவிடுங்கள். கடிவாயில் ரத்தம் உறையாமல் கொஞ்ச நேரம் கசியும், துணி வைத்து அழுத்தினால் நிற்கும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிற இருதய நோயாளிகள் மட்டும் அதிக நேரம் அழுத்த வேண்டியிருக்கும். பாம்பு கடித்தால் கீறுவதோ, கயிறு கட்டுவதோ, பச்சிலை அரைப்பதோ வேண்டாம். அசைக்காமல் தூக்கி, விஷமுறிவு ஊசி இருக்கிற ஆஸ்பத்திரிக்கு. யானை விஷயத்தில் வழிகாட்டி சொல்வதுதான் சட்டம்.

தூங்குகிற இடத்தில் வெறும் புல்லில் உட்காராதீர்கள், படுக்காதீர்கள். கனமான விரிப்பு வேண்டும். நடக்கும்போது முழுக்கால் சட்டை, அதன் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். ஏன் இத்தனை ஜாக்கிரதை? இதோ, அந்தக் காய்ச்சல்.

வீடு வந்த பிறகு 21 நாள்

புதரிலும் புல்லிலும் கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு செம்பூச்சிக் குஞ்சு இருக்கிறது. ஆடைக்குள் ஏறி, இடுப்பு, அக்குள், தொடையிடுக்கு என்று மறைவிடம் பார்த்துக் கடிக்கும். வலிக்காது, தெரியாது. அதன் வழியாக உள்ளே போகிற கிருமி 6 நாளிலிருந்து 21 நாளுக்குள் வேலையைக் காட்டும். கடுங்காய்ச்சல், மண்டையைப் பிளக்கிற தலைவலி, உடம்பு வலி. ஸ்க்ரப் டைபஸ் என்பார்கள். உண்ணிக் காய்ச்சல் என்றும் சொல்வதுண்டு. மலைக்கே போகாத வயற்காட்டு ஜனங்களுக்கும் நம் பக்கம் மழைக்காலத்திலும் குளிர்காலத்திலும் இது வருகிறது. பாதி பேருக்கு இது வேறு ஏதோ காய்ச்சலாகவே தெரியும். மலைக்குப் போய்வந்து பத்து, பன்னிரண்டு நாள் ஆகிவிட்டதால் அந்தத் தொடர்பே மனசுக்கு வராது.

அடையாளம் ஒன்று உண்டு. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது மாதிரிக் கறுத்த பொருக்கு. எல்லோருக்கும் இருக்காது. இருந்தாலும் மறைவிடத்தில் இருப்பதால் வெட்கப்பட்டுச் சொல்ல மாட்டார்கள். வீட்டுக்காரர் உடம்பை வீட்டம்மாவும், வீட்டம்மா உடம்பை அவரும் தலையிலிருந்து கால் வரை பார்த்துவிட வேண்டும்.

நல்ல செய்தி, ஆரம்பத்திலேயே கண்டுகொண்டால் டாக்ஸிசைக்ளின் என்ற மலிவான மாத்திரையில் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். கர்ப்பிணிகளுக்கு வேறு மாத்திரை இருக்கிறது. தாமதமானால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாகப் பிடிக்கும், உயிரே போய்விடும். ‘நிலவேம்புக் குடிநீர் ஒரு வாரம் குடிச்சுப் பார்க்கேன் டாக்டர்’ என்று என்னிடமே சொல்கிறார்கள். நிலவேம்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு, நானே தினமும் எழுதிக் கொடுக்கிறேன். ஆனால் இந்தக் காய்ச்சலில் அந்த ஒரு வாரம்தான் வாழ்வுக்கும் சாவுக்கும் இடையில் இருக்கிற வாரம். அதைக் கஷாயத்தில் கழிக்கக் கூடாது. அரசு ஆஸ்பத்திரியில் போய், ‘டாக்டர், இத்தனாம் தேதி காட்டில் படுத்திருந்தேன், ஓடையில் இறங்கினேன்’ என்று நீங்களாகவே சொல்லுங்கள். எலிக்காய்ச்சலையும் சேர்த்துச் சந்தேகப்பட்டு ரத்தம் பார்ப்பார்கள். இந்த ஒரு வாக்கியம் அவர்களுக்குப் பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

மற்றபடி, வந்த அன்றைக்கே சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் குளியல். மலைத் துணி, காலுறை, பை எல்லாவற்றையும் வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து வெயிலில் போடுங்கள். படுக்கையில் கொண்டுபோய் வீசாதீர்கள், வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். முழங்கால் வீங்கியிருந்தால் முதல் இரண்டு நாள் அழுத்தி நீவ வேண்டாம், குளிர்ந்த நீர்த் துணி போதும். மூன்றாம் நாளிலிருந்து நொச்சி இலையை வதக்கி ஒத்தடம், இதமாக உளுந்துத் தைலம். காய்ச்சல் இருந்தால் எண்ணெய்க் குளியல் கிடையாது.

காலண்டரில் இறங்கி வந்த தேதியை வட்டம் போட்டு, அதிலிருந்து 21-ம் நாளையும் ஒரு வட்டம் போட்டு வையுங்கள். இரண்டு வட்டத்துக்கும் நடுவில் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், மறுநாள் பார்ப்போம் என்று இருக்க வேண்டாம்.